இரண்டு கோட்டிங் வெள்ளி

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். காலைப் பூசை முடிந்ததும் ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. என் வீட்டுக்காரரின் கல்லறையில் நிற்கும் இரும்புச் சிலுவைக்கு நேற்றே வெள்ளிப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தேன். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தபோது வெயிலில் மின்னியது எங்கள் சிலுவை மட்டும்தான். மற்றவர்கள் சுண்ணாம்போடு நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வீட்டு ஜெபமேரி, "மாமி, எங்க மாமனாருக்கும் ஒரு இழுப்பு இழுத்து விடுங்களேன்" என்றாள். இழுத்து விட்டேன். டின்னில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது.

இந்த டைரி பேத்தி ஆன்சியின் கம்பெனி டைரி. அட்டையில் அவர்கள் போட்டுகளுக்குச் செய்கிற பெட்டியின் படம் போட்டிருக்கிறது. அஞ்சாம் கிளாசோடு நின்றவளுக்கு இவ்வளவு கனத்த டைரி எதற்கு என்று மருமகள் லில்லிபாய் கேட்டாள். எழுதத்தான். அவள் பத்தாம் கிளாஸ். கடைச் சீட்டு தவிர ஒன்றும் எழுதி நான் பார்த்ததில்லை.

நவம்பர் 5, புதன்

போட்டு மந்திரிப்பு. வருடத்தில் இந்த ஒரு நாள்தான் எங்கள் துறையில் பெண்கள் போட்டில் ஏறலாம். என் மகன் பனிப்பிச்சையின் போட்டுக்குப் பெயர் சகாய அன்னை. நீலமும் மஞ்சளுமாகப் புதுப் பெயிண்ட் அடித்து, மாலை போட்டு, மணவாட்டி மாதிரி நின்றது. சாமியார் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அண்ணாந்து பார்த்தால் சட்டி மட்டும் அழுக்கு. சட்டி என்றால் ஆன்சியின் பெட்டியோடு சேர்ந்த மேல்பாகம். பெட்டி கேபினுக்குள் இருக்கும். அதிலிருந்து ஒயர் மேலே ஏறி, கவிழ்த்து வைத்த சட்டி மாதிரியான ஒரு வெள்ளை மூடிக்குள் போய் முடியும். ஆகாயத்தில் நிற்கிற சாட்டிலைட்டோடு பேசுவது அதுதான். கரையிலிருந்து போகிற செய்தி அதன் வழியாகப் பெட்டிக்கு வரும். போட்டு நிற்கிற இடத்தை மணிக்கொரு தரம் அது கரைக்குச் சொல்லும். முன்பு ஒரு புயலில் என் தம்பி மகனும் எட்டுப் பேரும் போனபோது இப்படி ஒன்றும் கிடையாது. இப்போது இருக்கிறது. அதைச் செய்கிறவர்களில் ஒருத்தி என் பேத்தி. எங்கள் துறையில் முதல் பெட்டி வைத்தது எங்கள் போட்டில்.

அப்படிப்பட்ட சட்டியில் காக்கா எச்சமும் துருக்கோடும்.

நங்கூரத்துக்கு அடிக்கலாம் என்று வெள்ளி டின்னைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். திறந்தேன். லில்லிபாய் கையைப் பிடித்தாள்.

"கல்லறைக்கு அடிச்ச மிச்சமாக்கும் அது. போட்டுல தொடாதீங்க மாமி."

"பெயிண்டுக்கு கல்லறை தெரியுமா, போட்டு தெரியுமா?"

ஜெபமேரியின் புருஷன் கிளீட்டஸ் எங்கள் போட்டில்தான் தொழிலுக்குப் போகிறான். ஒல்லியான ஆள். உயரத்தில் ஏதாவது வேலை என்றால் அவன்தான் ஏறுவான். "விடுங்க மாமி, நான் அடிக்கேன். அறுபத்தெட்டு வயசுல நீங்க ஏறினா எனக்கு என்ன மரியாதை" என்றான். நீ ஏணியைப் பிடி, அதுதான் உனக்கு மரியாதை என்று நானே ஏறினேன். நல்ல வெயில். ஒரு கோட்டிங் காய்ந்ததும் இன்னொன்று அடித்தேன். கீழே நின்றவன், "இனி மேல போற பிளேன்காரன் கோயில்னு நெனச்சு கும்பிட்டுட்டுப் போவான்" என்றான்.

எஞ்சின் ரூமிலிருந்து வந்த பனிப்பிச்சை பார்த்துவிட்டு, "ஆன்சிட்ட கேட்டியாம்மா?" என்றான்.

"அவ செஞ்சது உள்ள. நான் அடிச்சது வெளிய. அவகிட்ட என்ன கேக்கணும்?"

சாமியார் மந்திரிக்கும்போது தீர்த்தம் சட்டியின் மேலும் விழுந்தது. மற்ற போட்டுக்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கல்லறை மிச்சம் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிட வேண்டாம் என்றாள் லில்லிபாய். அந்த ஒரு விஷயத்தில் அவள் சொல்வது சரி. போட்டில் போகிற பதினோரு பேர் வீட்டுப் பெண்களும் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

நவம்பர் 6, வியாழன்

விடியற்காலம் போட்டு புறப்பட்டது. பதினோரு பேர். கிறிஸ்துமசுக்கு முன்னால் வந்துவிடுவார்கள். நெத்தலி இரண்டு கிலோ உப்புப் போட்டுக் காயவைத்தேன். காக்காத் தொல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

கோயிலில் அந்தோணிமுத்து மகளுக்குக் கல்யாண ஓலை முதல் வாசிப்பு: இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. இன்னும் இரண்டு ஞாயிறு வாசிப்பார்கள். ஒரு வாரம் வராதவன் காதில் அடுத்த வாரம் விழட்டும் என்றுதான் மூன்று முறை.

சாயங்காலம் ஆன்சி போனில் கூப்பிட்டாள். பெங்களூரில் மழையாம். நீ அங்கே அப்படி என்னதான் வேலை செய்கிறாய், ஒருநாள் எனக்குப் புரிகிற மாதிரி சொல் என்று கேட்டேன். சிரித்தாள். பிறகு சொன்னாள்.

"பத்து எழுத்து அனுப்பணும்னா நாங்க இருபது எழுத்தா அனுப்புவோம் பாட்டி. கூடப் போற பத்தும் முதல் பத்துக்குச் சாட்சி. சாட்டிலைட்டு ரொம்ப தூரம். வாற வழியில சில எழுத்து கெட்டுப் போவும். மீதி இருக்கிறதெல்லாம் சேர்ந்து சாட்சி சொல்லி, கெட்டது என்ன எழுத்துன்னு பெட்டியே கண்டுபிடிச்சுத் திருத்திரும்."

"திரும்பக் கேட்டா என்ன? என்ன சொன்னேன்னு?"

"கேக்க நேரம் இருக்காது பாட்டி. கடல்ல நிக்கிறவன் திரும்பக் கேக்கிற நிலையில இல்லாம இருக்கலாம். அதனால கெடும்னு முதல்லயே தெரிஞ்சு, அதுக்குத் தேவையானத கூடவே கட்டி அனுப்புறது. அந்தக் கட்டுற கணக்குதான் எனக்க வேலை."

கல்யாண ஓலை மாதிரி என்றேன். ஓலையைவிடக் கெட்டிக்கார வேலை, முழுதையும் மூன்று முறை வாசிக்காமல் ஒரே வாசிப்பில் பின்னி வைப்பது என்றாள். அவளுடைய பாட்டாவுக்கு, என் வீட்டுக்காரருக்கு, கையெழுத்துப் போடத் தெரியாது. இதைக் கேட்க அவர் இல்லை. போனை வைத்ததும் ஜெபமேரியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் புரியல மாமி, ஆனா நல்லாருக்கு" என்றாள்.

நவம்பர் 12, புதன்

மரச்சீனிக் கிழங்கு அவித்துச் சூரைமீன் குழம்பு வைத்தேன். புளி கொஞ்சம் கூடிவிட்டது.

ஆன்சி மத்தியானம் கூப்பிட்டாள், ஆபீசிலிருந்தே. அப்பாவின் போட்டிலிருந்து செய்தி ஒழுங்காக வருகிறதாம். ஆனால் கெட்டுத் திருத்தப்பட்ட எழுத்துகள் ரொம்பக் கூடுதலாம். எந்தப் போட்டில் எத்தனை எழுத்து கெட்டது, எத்தனை திருத்தினோம் என்ற எண்ணிக்கை அவர்களுக்குத் தெரியும். மற்ற போட்டுகளில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு. நம் போட்டில் இருபதுக்கு மேல்.

"சட்டிக்கு மேல தார்ப்பாய் ஏதாவது போட்டு மூடியிருக்காங்களா பாட்டி?"

"மூடலியே."

"வலை? கயிறு?"

"ஒண்ணும் இல்ல மக்ளே. நல்லா சுத்தமா இருக்கு."

"செய்திதான் சரியா வருதே, பிறகென்ன" என்று கேட்டேன். "வருது பாட்டி. திருத்தித் திருத்தி வருது" என்றாள்.

சுத்தமாக இருக்கிறது என்று நான் சொன்னது உண்மை.

நவம்பர் 13, வியாழன்

பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. லில்லிபாய் வாங்கி வந்தாள்.

நவம்பர் 16, ஞாயிறு

ஓலை இரண்டாம் வாசிப்பு. பூசை முடிவில் சாமியார், கடலில் காற்றழுத்தம் உருவாகிறது, தொழிலுக்குப் போனவர்களுக்காக ஜெபியுங்கள் என்றார். பெண்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். வெளியே வந்ததும் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு, ஆன்சி ஏதாவது சொன்னாளா என்று கேட்டார்கள். "பெட்டி இருக்கு. கவலைப்படாதீங்க. எழுத்து கெட்டாலும் அதே திருத்திரும்" என்று சொல்லி அனுப்பினேன்.

நவம்பர் 18, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

புயல் என்று காலையில் அறிவித்துவிட்டார்கள். மேற்கே, நம் ஆட்கள் தொழில் செய்கிற பக்கம்தான் வருகிறது. பெட்டி வைத்திருக்கிற முந்நூற்றுப் பன்னிரண்டு போட்டுக்கும் ஆன்சி இருக்கிற நிலையத்திலிருந்து செய்தி போனது: தெற்கே திரும்பி ஓடு. படித்தவர்கள் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினால் கரையில் தெரியும். மத்தியானத்துக்குள் முந்நூற்றுப் பதினோரு போட்டு அழுத்திவிட்டது.

சகாய அன்னை அழுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குப் பிறகு அதிலிருந்து, நிற்கிற இடமும் வரவில்லை. மற்ற போட்டுக்காரர்களின் வயர்லெஸ் அந்தத் தூரத்துக்கு எட்டாது. கேரைமீனைத் துரத்திக்கொண்டு பனிப்பிச்சை எல்லோரையும்விட மேற்கே போயிருக்கிறான்.

ஆன்சி போனில் வந்தபோது லில்லிபாய் ஒலியைக் கூட்டி வைத்தாள். ஜெபமேரியும் இன்னும் இரண்டு பெண்களும் அறைக்குள் நின்றார்கள்.

"பாட்டி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. போட்டு புறப்படுறதுக்கு முன்ன சட்டிக்கு மேல யாராவது பெயிண்ட் அடிச்சாங்களா?"

லில்லிபாய் தரையைப் பார்த்தாள். மற்ற மூவரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"போட்டுக்கு அடிச்சோம் மக்ளே. மந்திரிப்புக்கு."

"சட்டிக்கு?"

"அது வெள்ளையாத்தான் இருக்கு."

"சரி பாட்டி" என்று வைத்துவிட்டாள்.

எல்லோரும் போன பிறகு லில்லிபாய், "ஏன் மாமி அப்பிடிச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"ஜெபமேரிய நிறுத்தி வச்சுக்கிட்டு, கல்லறை மிச்சத்த உனக்க புருஷன் தலைக்கு மேல அடிச்சேன்னு சொல்லவா?"

"இப்பம் தனியா கூப்பிட்டுச் சொல்லுங்களேன்."

"பெயிண்டுக்கும் சாட்டிலைட்டுக்கும் என்னட்டி சம்பந்தம்? பேரு கெட்டுப் போறதுதான் மிச்சம்."

அவளும் பிறகு கேட்கவில்லை. அவளுக்கும் வாய் இருக்கிறது, அவளும் சொல்லியிருக்கலாம். வெள்ளியும் ஒருவகை வெள்ளைதான்.

நவம்பர் 19, புதன்

ஜெபமேரி மூன்று தடவை வந்தாள். ஒரு தடவை கறிவேப்பிலை வேண்டும் என்று, ஒரு தடவை கோழி இந்தப் பக்கம் வந்ததா என்று. மூன்றாவது தடவை எதற்கென்று சொல்லவில்லை.

நிலையத்து அதிகாரி, பெட்டி அணைந்து கிடக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். ஆன்சி ஒத்துக்கொள்ளவில்லை. மணிக்கொரு தரம் ஏதோ ஒன்று மெல்லிசாக வருகிற மாதிரி அவளுக்குத் தெரிகிறதாம். ஆனால் கெட்ட எழுத்து அளவு மீறிவிட்டதால் திருத்த முடியாமல் கருவி அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. அது அப்பாவின் பெட்டியா, வெறும் இரைச்சலா என்று அவளால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

"கெட்டது கெட்டுப் போவட்டும், நல்லா இருக்கிற எழுத்த மட்டும் படிக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"இது அப்பிடி இல்ல பாட்டி. ஒரு எல்லை உண்டு. அந்த எல்லை வரைக்கும் எவ்வளவு கெட்டாலும் வெளிய ஒரு குறையும் தெரியாது. அழகா வரும். அதுக்கு மேல கொஞ்சம் கூடினா மொத்தமும் போயிரும். நடுவில ஒண்ணும் கிடையாது."

அங்கே மழை தொடங்கியிருக்கும், போட்டு ஆடும், அதனால் இன்னும் கொஞ்சம் கெட்டு எல்லை தாண்டிவிட்டது என்றாள். மழைக்கு முன்னாலேயே இருபது கெட்டுக்கொண்டிருந்தது ஏன் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

போனை லில்லிபாயிடம் கொடுத்துவிட்டுக் கோழிக்குத் தவிடு பிசைந்தேன்.

நவம்பர் 20, வியாழன்

காலையிலேயே ஜெபமேரி வந்து லில்லிபாயோடு அடுக்களையில் உட்கார்ந்து கிழங்கு உரித்தாள். தனியாக வீட்டில் இருக்க முடியவில்லை என்றாள். நான் முற்றத்தில் சோற்றுப் பானை விளக்கிக்கொண்டிருந்தேன். ஆன்சி கூப்பிட்டாள். குரல் தேய்ந்திருந்தது.

"மெதுவா அனுப்புற ஒரு முறை இருக்கு பாட்டி. ஒவ்வொரு எழுத்தையும் நூறு மடங்கு இழுத்து அனுப்புறது. அப்பிடி அனுப்பினா எவ்வளவு மோசமா இருந்தாலும் உள்ள போவும். ஆனா அது போற நேரம் மத்த முந்நூறு போட்டுக்கும் செய்தி நிக்கணும். அணைஞ்ச பெட்டிக்காக அத நிறுத்த முடியாதுங்கிறாங்க. அணையலன்னு காட்ட எனக்கு ஒரு காரணம் வேணும். என்ன நடந்தா இப்பிடி ஆவும்னு எல்லாம் யோசிச்சுப் பாத்துட்டேன். ஒரு அலுமினியப் பாத்திரத்த எடுத்து சட்டிக்கு மேல கவுத்தி வச்சா இப்பிடித்தான் ஆவும். ஆனா அப்பிடி யாரு வைப்பா?"

என் கையில் இருந்தது அலுமினியப் பானை.

ஈயமோ வெள்ளியோ கலந்த ஏதோ ஒரு சாயம் என்றுதான் அந்தப் பெயிண்டைப் பற்றி இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஒரு நிமிஷம் இரு மக்ளே என்று சொல்லி, போனையும் பானையையும் வைத்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கிய இடத்துக்குப் போனேன். டின் அங்கே இருந்தது. வழிந்து காய்ந்த பெயிண்டை நகத்தால் சுரண்டி எடுத்துப் படித்தேன். மேலே இங்கிலீஷ். கீழே பொடி எழுத்தில் தமிழ். அ, லு, மி, னி, ய, ம். ஒவ்வொன்றாகப் படித்தேன். அஞ்சாம் கிளாஸ் அதற்குப் போதுமாக இருந்தது.

போனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனேன். ஜெபமேரியை வெளியே அனுப்பலாம் என்று தோன்றியது. அனுப்பவில்லை.

"மக்ளே, சட்டிக்கு நான்தான் பெயிண்ட் அடிச்சேன். பாட்டா கல்லறைக்கு அடிச்ச மிச்சம். அலுமினியம்னு டின்னுல எழுதியிருக்கு."

அந்தப் பக்கம் நாற்காலி தள்ளுகிற சத்தம் கேட்டது.

"எத்தனை கோட்டிங்?"

"ரெண்டு."

"செவ்வாய்க்கிழமை கேட்டேனே பாட்டி."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அதிகாரியிடம் போகிறேன் என்று வைத்துவிட்டாள்.

ஜெபமேரி கத்தியைக் கீழே வைத்திருந்தாள். கல்லறை மிச்சம் என்று நான் அவளைப் பார்த்து மறுபடி சொல்லத் தொடங்கினேன்.

"தெரியும் மாமி" என்றாள். "அண்ணைக்கு ராத்திரி சோறு திங்கும்போ அவரு சொல்லிச் சிரிச்சாரு. ஏணி பிடிச்சதுக்கு மாமி மரியாதை தந்தாங்கன்னு. எங்க மாமனாருக்கு அடிச்சதும் அந்த டின்னுதானே."

யாரிடம் மறைத்தேனோ அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

இரண்டு மணிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஆன்சி மறுபடி கூப்பிட்டாள். மெதுவாக அனுப்பும்போது மிகக் கொஞ்சம் சொற்கள்தான் போகும். அது எல்லாப் பெட்டியிலும் விழும், முந்நூறு போட்டும் படிக்கும். 'சகாய அன்னை, தெற்கே ஓடு' என்று எழுதி வைத்திருந்தாள்.

"பெயிண்டச் சுரண்டச் சொல்லு" என்றேன்.

"திரும்பினா போதும் பாட்டி. அதுதான் முக்கியம்."

"அவன் படிச்சான்னு நமக்கு எப்பிடித் தெரியும்? பதில் வரணுமே மக்ளே. இங்க எல்லாரும் இருக்காங்க. ஒரு பதில் வரணும்."

அவள் யோசித்தாள். புயல் திசை மாறினால் அடுத்த செய்தியும் அனுப்ப வேண்டியிருக்கும், போட்டு நிற்கிற இடம் தெரிந்தால் நல்லதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. பெயிண்ட் அடித்தது யார் என்று போட வேண்டாம் என்றாள். போடு என்றேன். போட்டால்தான் பனிப்பிச்சை நம்புவான். கடைசியில் போனது இதுதான்:

சகாய அன்னை. தெற்கே ஓடு. அம்மா அடித்த வெள்ளி பெயிண்டைச் சட்டியில் சுரண்டு.

நவம்பர் 21, வெள்ளி

நேற்று மாலையிலிருந்து, மற்ற செய்திகளுக்கு இடையிடையே, அதையே திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். ஒருமுறை முழுதாகப் போய்ச் சேர இருபது நிமிடம் ஆகிறதாம்.

முந்நூறு போட்டிலும் படித்தாயிற்று. திரும்பி வருகிறவர்கள் கரையை நெருங்க நெருங்க வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள். உப்பு வாங்கப் போன கடையில் கீழத்தெரு லூர்து, "சட்டிக்குப் பெயிண்ட் அடிச்சது நீங்களாக்கும்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. வழி விட்டாள். இத்தனை வருடத்தில் அந்தக் கடையில் எனக்கு யாரும் அப்படி வழி விட்டதில்லை.

இங்கேயும் காற்று. முருங்கை ஒடிந்து கோழிக்கூட்டின் மேல் விழுந்தது. கடல் கல்லுக்கு மேலே ஏறி ரோடு வரை வந்துவிட்டது. கரையே இப்படி என்றால் அங்கே எப்படி என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. மற்ற பத்துப் பேர் வீட்டிலிருந்தும் பெண்கள் நம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். போன் இங்கேதான் வரும் என்பதால்.

லில்லிபாய் என்னோடு பேசுகிறாள். சோறு போடவா, மாத்திரை போட்டீங்களா, அவ்வளவு.

செபமாலை சொல்ல உட்கார்ந்தேன். பத்து மணிகளை எண்ணி முடித்துவிட்டு, சொன்னேனா இல்லையா என்று தெரியாமல் மறுபடி தொடங்கினேன். என்ன செய்யட்டும். சுரண்ட ஒரு கத்தி கொடுத்தால் நான் ஏறுவேன். சட்டி அங்கே, நான் இங்கே.

ஆன்சி மூன்று தடவை கூப்பிட்டாள். ஒன்றும் வரவில்லை என்று சொல்லத்தான்.

நவம்பர் 22, சனி

காலை பதினோரு மணி. காற்று குறைந்திருந்தது. பெண்கள் அடுக்களையில் எல்லோருக்குமாகக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். ஒலியைக் கூட்டாமல் காதில் வைத்தேன்.

"பாட்டி. வந்திருக்கு" என்றாள் ஆன்சி. அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது.

"எப்பிடி வந்திருக்கு?"

"முழுசா. நல்ல பலமா. சுரண்டியிருக்காங்க."

"என்ன எழுதியிருக்கான்?"

அவள் வாசித்தாள். நேற்று மாலை செய்தி கிடைத்தது. தெற்கே வருகிறோம். சட்டி சுரண்டியாச்சு. மேலே ஏறின கிளீட்டஸ் அலையில் போய்விட்டான். ஐந்து மணி நேரம் தேடினோம். பத்துப் பேர் இருக்கிறோம்.

அடுக்களையில் யாரோ ஏதோ சொல்ல, ஒருத்தி மெல்லச் சிரித்தாள். இரண்டு நாளைக்குப் பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

"மக்ளே," என்றேன், "கெட்ட எழுத்தத் திருத்தும்போ பேரு மாறிப் போறதுண்டா?"

"பாட்டி."

"பதினொண்ணு பத்துன்னு ஆவுமா? ஒரு எழுத்துதானே. நல்லாப் பாரு. உனக்க கணக்கு தப்பியிருக்கும்."

"பாத்தேன் பாட்டி. திரும்பத் திரும்பப் பாத்தேன். கெட்டது சைபர். நாங்க ஒண்ணும் திருத்தவே இல்ல. அங்க என்ன அடிச்சாங்களோ அது அப்பிடியே வந்திருக்கு." பிறகு சொன்னாள், "சுரண்டுன்னு டைப் அடிச்சது நான் பாட்டி."

நான் அவளுக்கு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். போன் கையிலேயே இருந்தது.

ஜெபமேரி கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களை வாசலுக்கு வந்தாள். "ஆன்சியா மாமி? என்ன சொல்லுதா?"

சொன்னேன்.

கேட்காத மாதிரி என் முகத்தைப் பார்த்து, "என்ன மாமி?" என்றாள். சொன்னேன்.

"என்ன மாமி?" என்றாள். மூன்றாவது தடவையும் சொன்னேன்.